வீட்டு ஆளை எண்ணுவதில்லை

1

என் வீட்டுக் கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் இரண்டு காகிதங்கள் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. ஒன்று, இந்த வீட்டில் ஐந்து குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ். இன்னொன்று, 'வீட்டில் குழந்தை பராமரிப்போருக்கான தொழில் நடைமுறைகள்' என்ற இணையவழிப் பயிற்சியில் ரீத்தாவாகிய நான் தேறிவிட்டேன் என்று சொல்லும் சான்றிதழ். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர் அதைப் படித்துவிட்டு "கங்கிராஜுலேஷன்ஸ்" என்கிறார்கள். நானும் பல்லைக் காட்டி வைக்கிறேன். அந்தப் பாழாய்ப்போன காகிதத்தை நான் வாங்கியது அமெரிக்காவில் இல்லை, புதுச்சேரியில், கடலூர் சாலையில் ஒரு பிரௌசிங் சென்டரில் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை வாங்கிக்கொண்டு யாரை அங்கே விட்டுவிட்டு வந்தேன் என்பதும் தெரியாது.

இன்று அம்மா இறந்து இரண்டாம் வருடம். ஊரில் பூசை முடிந்துவிட்டது. காலையில் குழந்தைகள் வருவதற்கு முன்பு என் தங்கை தெரேஸுக்குப் போன் செய்தேன். அந்தப் போனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் அழுதுவிடுவேன். ஐந்தும் மதியத் தூக்கத்தில் இருக்கின்றன. எழுந்திருக்கும்போது பராமரிப்பாளர் அழுத முகத்தோடு நிற்கக் கூடாது என்று பயிற்சியில் ஒரு பாடமே இருக்கிறது.

புதுச்சேரிக்காரி என்றால் பிரான்சுக்குத்தானே போயிருக்க வேண்டும், அமெரிக்காவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போன காலத்தில் என் அப்பாவின் கூட்டாளிகள் பலர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனார்கள். அப்பா போடவில்லை. "நம்ம ஊர்ல நாம இருக்கறதுக்கு எதுக்குய்யா கையெழுத்து?" என்றாராம். கையெழுத்து விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு எப்போதுமே ராசி கிடையாது. பிறகு கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் சவரிக்கு இங்கே ஓட்டல் சமையற்கட்டில் வேலை கிடைத்து, அவர் பின்னால் நானும் வந்து சேர்ந்தேன். அவ்வளவுதான் எங்கள் சரித்திரம்.

2

காலை ஏழு மணியிலிருந்து கார்கள் வந்து நிற்கும். தாய்மார்கள் ஒரு கையில் காபியும் ஒரு கையில் பிள்ளையுமாக ஓடி வருவார்கள். பிள்ளையை என்னிடம் கொடுத்து, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவார்கள். நாள் முழுக்க டயபர் மாற்றுவது, மூக்கைத் துடைப்பது, சண்டை விலக்குவது, தூங்க வைப்பது. எல்லாக் குழந்தைகளும் என்னை 'மிஸ் ரீத்தா' என்றுதான் கூப்பிடும். சோறு ஊட்டக் கூடாது, தானாகச் சாப்பிடப் பழக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளை தட்டில் பாதியும் தரையில் பாதியுமாகத் தின்பதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

என் மகன் லூயிக்கு அப்போது நான்கு வயது. அப்பாவின் பெயர்தான். ஐந்து பிள்ளைகள் பொழுதுக்கும் மிஸ் ரீத்தா, மிஸ் ரீத்தா என்று கத்துகிற வீட்டில் அவனும் அப்படியே கத்தினான். சாயங்காலம் கடைசிக் கார் கிளம்பிப் போனதும் என் காலைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்பான். அதுவரைக்கும் மிஸ் ரீத்தாதான். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. போனில் தெரேஸிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

லைசென்ஸ் ஆபீஸிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஒரு அம்மாள் வந்து பார்ப்பாள். போன வருடமும் வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், மருந்து அலமாரிப் பூட்டை இழுத்துப் பார்த்தாள், சிரித்த முகத்தோடு கேட்டாள்.

"இன்று எத்தனை குழந்தைகள்?"

"ஐந்து."

பேனா முனையால் காற்றில் குத்திக் குத்தி எண்ணினாள். "ஆறு இருக்கிறதே."

"இவன் என் பையன், மேடம்."

"அப்படியானால் ஆறு."

"இல்லை மேடம். ஹி இஸ் சிம்ப்ளி தேர் ஒன்லி" என்றேன்.

நான் சொல்ல வந்தது உங்களுக்குப் புரியும். அவன் சும்மா இருக்கிறான், வீட்டுப் பிள்ளை, அவனை எதற்கு எண்ணுகிறாய் என்று. அவளுக்குப் புரியவில்லை. எதையோ எழுதினாள். பிறகு வந்த கடிதத்தில் என் லூயிக்கு ஒரு பட்டம் கொடுத்திருந்தார்கள்: 'தெரிவிக்கப்படாத குழந்தை'.

ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் சொந்தப் பிள்ளையும் எண்ணிக்கையில் சேரும் என்று சட்டப் புத்தகத்தில் போட்டிருந்தது. நான் படிக்காமல் இல்லை. படித்தேன். அது என்னைப் பற்றியது என்று என் மண்டைக்கு எட்டவில்லை. எங்கள் ஊரில் விருந்துக்குச் சமையல்காரர் வந்து "எத்தினி பேரு?" என்று கேட்டால் வெளியாட்களைத்தான் எண்ணிச் சொல்வோம். வீட்டு ஆளை எவன் எண்ணுவான்? இருந்தால் சாப்பிடுவார்கள், இல்லாவிட்டால் ஒரு வாய் காபியோடு படுப்பார்கள். அப்படி வளர்ந்தவள் பெற்ற பிள்ளையைப் போய் ஆறாவது என்று எழுதுவாளா?

எழுதித்தான் ஆக வேண்டும் என்றது கடிதம். லைசென்ஸ் புதுப்பிக்கும் முன்பு தொழில் நடைமுறைப் பயிற்சியை இணையத்தில் முடித்துச் சான்றிதழ் காட்ட வேண்டும். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், வீட்டில் ஐந்துக்கு மேல் ஒரு தலை தெரியக் கூடாது. ஐந்தில் ஒன்றை அனுப்ப வேண்டும், இல்லையென்றால் லூயியை அனுப்ப வேண்டும். அந்தச் சமயம் பார்த்து சவரியின் ஓட்டலில் கூட்டம் குறைந்து அவருக்கு வேலை நேரத்தை வெட்டிவிட்டார்கள். வீட்டுக் கடன் என் ஐந்து குழந்தைகளின் தலையில்தான் நின்றது.

பயிற்சியின் முதல் பாடத்திலேயே ஒரு கட்டம் வரும். 'உங்கள் சொந்தக் குழந்தை நிரப்பும் இடத்தால் நீங்கள் இழக்கும் வருமானம்' என்று தலைப்பு. சவரி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குப் பேசினார்.

"தெரேசு இருக்கா இல்ல? லூயிய அங்க உட்டா இன்னா? தமிழாவது பேசுவான்."

"பெத்த புள்ளைய உட்டுட்டு ஊரான் புள்ளைக்குக் கால் கழுவணுமா நானு?"

"இப்பவும் அதத்தான பண்ற" என்றார்.

அந்த வாயில் ஒன்று போடலாம் போல இருந்தது. ஆனால் அம்மாவின் முதல் வருடப் பூசைக்கு எப்படியும் போக வேண்டும். பதிலாள் ஒருத்தியை ஏற்பாடு செய்துவிட்டு, லூயியையும் கூட்டிக்கொண்டு மூன்று வாரம் கிளம்பினேன். திரும்பும்போது அவனைக் கையோடு கூட்டி வருவது என்று விமானத்தில் ஏறும்போதே முடிவு பண்ணிவிட்டேன். எப்படி என்பது மட்டும் தெரியவில்லை.

3

தெரேஸ் வீடு முதலியார்பேட்டையில், தேங்காய்த்திட்டுக்குப் போகிற வழியில். அவள் வீட்டுக்காரர் அந்தோணி துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவர், கருக்கலிலேயே போய்விடுவார். இரண்டு பேருக்கும் குழந்தை இல்லை. இல்லை என்று பெயர்தான், வீடு முழுக்கப் பிள்ளைச் சத்தம். அந்தோணியின் தம்பி மனைவி ரோஸ்லின் தட்டாஞ்சாவடியில் மருந்து கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போகிறாள். காலையில் ஸ்கூட்டியில் வந்து இரண்டு பிள்ளைகளையும் கேட்டுக்கு வெளியிலேயே இறக்கி, "தெரேசு, வரேன்" என்று ஒரு குரல் கொடுப்பாள். சாயங்காலம் எப்போது வருவாள் என்பது அவளுக்கே தெரியாது. சில நாள் வரவே மாட்டாள். பிள்ளைகள் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்கும்.

நான் பயிற்சியை முடிக்க பிரௌசிங் சென்டருக்குப் போனபோது தெரேஸும் கூட வந்தாள். பிளைவுட் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். கடைக்காரர் முருகையன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். என் மடியில் லூயி, தெரேஸின் இரண்டு பக்கமும் ரோஸ்லின் பிள்ளைகள், ஒன்றின் வாயில் முறுக்கு.

"மேடம், இது பிரௌசிங் சென்டரு. பால்வாடி அடுத்த தெரு" என்றார்.

"நாங்க படிக்க வந்திருக்கோம்" என்றாள் தெரேஸ் கெத்தாக.

அது ஒரு விசித்திரமான பள்ளிக்கூடம். ஒவ்வொரு பக்கமும் இவ்வளவு நேரம் திறந்திருந்தால்தான் அடுத்த பக்கம் வரும். கொஞ்ச நேரம் மௌஸை அசைக்காவிட்டால் 'நீங்கள் இருக்கிறீர்களா?' என்று கேட்கும். பதில் சொல்வதற்குள் லூயிக்கு ஒன்றுக்கு வரும். திரும்பி வந்து பார்த்தால் பாடம் ஆரம்பத்துக்குப் போயிருக்கும். கரண்டு போனால் அதுவும் சேர்ந்து போகும். மாதாவே, அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு!

நான் கேள்விகளைத் தமிழில் சொல்வேன், தெரேஸ் பதில் சொல்வாள். 'ஒரு தாய் குழந்தையை அழைத்துச் செல்ல வழக்கமாகத் தாமதமாக வருகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?' ஒன்று, பேசாமல் இருப்பேன். இரண்டு, குழந்தைக்கு இரவு உணவு கொடுப்பேன். மூன்று, ஒப்பந்தத்தை நினைவூட்டித் தாமதக் கட்டணம் வசூலிப்பேன்.

"ரெண்டுதாங்க்கா. இதுல இன்னா கேள்வி? பசியோடயா குந்த வெப்பாங்க?"

இரண்டை அழுத்தினேன். தவறு என்று சிவப்பில் வந்தது.

"அடப் பாவி கம்ப்யூட்டரு!" என்றாள். ரோஸ்லின் பிள்ளை முறுக்கைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது.

நான்காம் பாடம், 'புன்னகையோடு மறுப்பது எப்படி'. ஒரு வெள்ளைக்காரப் பெண் வீடியோவில் வந்து கண்ணாடி முன் நின்று பழகச் சொன்னாள். 'உங்களுக்கு உதவ எனக்கு விருப்பம்தான். ஆனால் என் வேலை நேரம் ஆறு மணிக்கு முடிந்துவிடுகிறது.' சத்தமாக, மெதுவாக, சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்கக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது. நான் தமிழில் சொல்லச் சொல்ல தெரேஸ் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது கூடத் தெரியவில்லை.

"இதெல்லாம் சொல்லலாமாக்கா?"

"சொல்லணும்னுதான் போட்டிருக்கான்."

"அத மட்டும் இன்னொருதரம் போடேன்."

போட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து முருகையன் தலையை நீட்டினார். "பிரிண்ட் போட்டுத் தரட்டுமா தங்கச்சி? நானும் ஒண்ணு எங்க வீட்ல ஒட்டிக்கறேன், மச்சான் வந்தா ஆவும்." தெரேஸ் வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது உதடு அசைந்துகொண்டே வந்தது. மனப்பாடம் பண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக் கூட இருந்தது, ரோஸ்லினுக்கு வைக்கிறாள் வேட்டு என்று.

4

பூசை ஞாயிற்றுக்கிழமை காலை. ரோஸ்லின் அதற்கு முந்தின நாளே தவளக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு என்று பிள்ளைகளை விட்டுவிட்டுப் போயிருந்தாள். சின்னதுக்கு வயிற்றுப்போக்கு. அம்மாவைக் கடைசி மூன்று வருடம் தூக்கி, குளிப்பாட்டி, மலம் எடுத்துப் போட்டவள் தெரேஸ். நான் டாலர் அனுப்பினேன், அவ்வளவுதான். சாமியார் பீடத்தில் நின்று அம்மாவின் பெயரை வாசித்தபோது முதல் வரிசையில் நான் பட்டுப் புடவையில் நின்றேன். தெரேஸ் கோயிலுக்கு வெளியே குழாயடியில் ரோஸ்லின் பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயர் அவள் காதில் விழவில்லை. நற்கருணை வாங்கவும் அவள் உள்ளே வரவில்லை.

வீட்டில் பிரியாணி. சமையல்காரர் எத்தனை பேர் என்று கேட்டபோது அந்தோணி வழக்கம்போல வெளியாட்களை எண்ணிச் சொல்லியிருந்தார். ரோஸ்லின் கல்யாணத்திலிருந்து நேராக வந்து இறங்கி, கை கழுவி, பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் தடவை துண்டு கேட்டு வாங்கினாள். எல்லாரும் போன பிறகு அண்டாவில் கரண்டி தட்டுகிற சத்தம்தான் கேட்டது. தெரேஸ் சமையற்கட்டில் நின்றுகொண்டே காலையில் மிச்சமிருந்த ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்றாள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடத்துக்குப் போனேன்.

"ரோஸ்லின், புள்ளைங்கள எத்தினி மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போன?"

"இன்னாக்கா புதுசா கேக்கற? எங்க வீட்டுப் புள்ளைங்க எங்க வீட்லதான இருந்துச்சுங்க."

"ஒன் புள்ளைங்க. பாத்தது இவ. அவ ஆத்தாளுக்குப் பூச நடக்குது, அவ குழாயடில நிக்கறா."

"தெரேசுக்கு வேற இன்னா வேல? சும்மாதான இருக்கா."

சும்மா. நான் லைசென்ஸ் அம்மாளிடம் சொன்ன அதே வார்த்தை. ரோஸ்லின் அதோடு நிறுத்தவில்லை.

"நீ அங்க காசுக்குப் புள்ள பாக்கறவ. ஒனக்கு மணி கணக்குதான் வரும். நாங்க இங்க சொந்தபந்தம். அந்தப் பழக்கத்தையெல்லாம் இங்க கொண்டாராத."

கூடத்தில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். அந்தோணி வெற்றிலை பாக்குத் தட்டைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டார். என் பெரியப்பா மகன் என் கையைப் பிடித்து "நல்ல நாளும் அதுவுமா எதுக்கும்மா?" என்றான். பெற்றவளின் நினைவு நாளில் பெண்ணுக்குச் சோறில்லை என்பதில் யாருக்கும் கோபமில்லை, நான் கேட்டதில்தான் கோபம். தெரேஸாவது நாலு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். கண்ணாடி முன் நின்று பழகினாளே! அவள் ரொட்டியை மென்றுகொண்டே வந்து, "விடுக்கா" என்றாள். ஊரில் உறவு, பாசம், கூட்டுக் குடும்பம் என்று இங்கே தமிழ்ச் சங்கத்தில் மேடையேறிப் பேசுகிறவர்களை அன்றைக்கு அந்தக் கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும்.

5

இரண்டு நாள் கழித்துப் பரீட்சை எழுதித் தேறினேன். முருகையன் சான்றிதழைக் கலரில் அச்செடுத்துக் கொடுத்தார். அப்பா இருந்திருந்தால் "செர்த்திஃபிக்கா வாங்கிட்டியா?" என்று பிரெஞ்சில் பெருமைப்பட்டிருப்பார்.

அன்று சாயங்காலமே சவரியின் போன். ஓட்டலில் இன்னொரு நாள் வேலையையும் வெட்டிவிட்டார்கள். நான் திரும்புகிற வாரத்தில் லைசென்ஸ் அம்மாள் மறுபடி வரப்போவதாகக் கடிதமும் வந்திருக்கிறது. "ஈஸ்டர் வரைக்கும்தான் ரீத்தா. உட்டுட்டு வா" என்றார். குரல் உடைந்திருந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அழுதுகொண்டே சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? ஐந்தில் ஒருவரை அனுப்பிவிட்டால் வீட்டுக் கடன் கட்ட முடியாது. வீடு போனால் லைசென்ஸும் போகும். எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்தாலும் ஆறாவது தலை லூயிதான்.

தெரேஸ் கொல்லையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். லூயி ரோஸ்லின் பிள்ளைகளோடு செதிலைப் பொறுக்கி விளையாடினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை, ஈஸ்டர் வரைக்கும் இவனை வைத்துப் பார்த்துக்கொள் என்றேன். அவள் அந்த மீனை முழுக்க ஆய்ந்து, கழுவி, சட்டியில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்களுக்கு உதவ எனக்கு விருப்பம்தான்" என்றாள். மெதுவாக, சத்தமாக, அந்த வீடியோப் பெண் மாதிரியே.

"தெரேசு..."

"ரோஸ்லினப் பாத்தா வாய் வரலக்கா. பத்து நாளா சொல்லிச் சொல்லிப் பாக்கறேன், தொண்டையிலயே நிக்குது. ஒன்னயப் பாத்து வருது பாரு." சிரிப்பு போய்விட்டது. "அம்மாவ எங்கிட்ட உட்டுட்டுப் போனீங்க. ரோஸ்லின் புள்ளைங்கள உட்டுட்டுப் போறா. இப்ப லூயி. எனக்கு புள்ள இல்லன்னா, ஊருக்கே வாசல் நானா?"

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுடி."

"முடியாதுன்னு சொல்லல. பாக்கறேன். நீ படிச்சியே, அந்த மாரி எழுதிக் குடுத்துட்டுப் போ. எப்ப வந்து கூட்டிட்டுப் போவ?"

"ஈஸ்டருக்கு."

"எழுது."

உள்ளே போய், தேறாத ஒரு பாடத்தை அச்செடுத்த தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒப்பந்தத்தில் வர வேண்டியதெல்லாம் எனக்கு அப்போது தலைகீழ்ப் பாடம். குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், சாப்பாடு, மருந்து, அழைத்துச் செல்லும் நாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"லேட்டா வந்தா?"

"எவ்ளோ வேணும்னு சொல்லு. மாசாமாசம் அனுப்பறேன்."

"காசா?" என்றாள். என்னை அப்படி அவள் பார்த்ததே இல்லை. "காசு வேணாம். ஈஸ்டருக்கு நீ வரலன்னா, அதுக்கப்புறம் அவன் என்னைய அம்மான்னு கூப்ட்டா நா தடுக்க மாட்டேன். சித்தின்னு சொல்லுடான்னு திருத்த மாட்டேன். அத எழுது."

"இதெல்லாம் எழுதுவாங்களாடி?"

"தாமதக் கட்டணம்னு போட்டிருந்தானே. எனக்கு அதான் கட்டணம்."

எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவள் அதை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள். ஈஸ்டருக்கு வரத்தானே போகிறோம், எழுதினால் என்ன என்று நினைத்தேன்.

நான் கிளம்பியபோது லூயி அழவில்லை. என் வீட்டு வாசலில் தினமும் தாய்மார்கள் கையசைத்துவிட்டுப் போவதையும் சாயங்காலம் திரும்பி வருவதையும் பார்த்து வளர்ந்தவன். நானும் வேலைக்குத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டான். "ஆஃப்டர் நாப் வருவியா?" என்று கேட்டான், மதியத் தூக்கம் முடிந்ததும் வந்துவிடுவாயா என்று. வருவேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள்.

6

லைசென்ஸ் அம்மாள் வந்தாள். பேனாவால் குத்திக் குத்தி எண்ணினாள். ஐந்து. "பெர்ஃபெக்ட்" என்றாள். சுவரில் சான்றிதழைப் பார்த்து, பயிற்சி உதவியாக இருந்ததா என்று கேட்டாள். மிகவும் உதவியாக இருந்தது என்றேன்.

ஈஸ்டருக்கு முன்பு ஓட்டலையே மூடிவிட்டார்கள். ஐந்தில் எமிலி என்ற பெண் குழந்தையின் குடும்பம் வேறு ஊருக்குப் போனது. ஒரு இடம் காலி. அன்று ராத்திரி சவரியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காலையில் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த தாய்க்குப் போன் செய்து பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னேன். சவரிக்கு வேலை கிடைக்கட்டும், அடுத்த இடம் காலியாகட்டும், கோடை வரட்டும் என்று ஈஸ்டர் தள்ளிக்கொண்டே போனது. ஊரில் லூயியைக் கன்னியர் பள்ளியில் சேர்த்தார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பிள்ளை என்பதால் தெரேஸ் அவனைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள், தங்குவதற்கு அனுமதி கேட்டு. தேங்காய்த்திட்டு மீனில் முள்ளைத் தானே எடுத்துத் தின்னப் பழகிவிட்டவன் அங்கே வெளிநாட்டவன். இங்கே அவன் தெரிவிக்கப்படாதவன். எந்த ஊர்க் கணக்கில்தான் என் பிள்ளையை வைப்பார்களோ, அந்த ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

இன்று காலைப் போனுக்கு வருகிறேன். அங்கே சாயங்காலம். அவன்தான் எடுத்தான்.

"அல்லோ, யாரு?" குரலில் அமெரிக்கா துளிகூட இல்லை. சுத்தமான முதலியார்பேட்டை.

"அம்மாடா கண்ணு."

போனைக் கையில் பிடித்தபடியே உள்பக்கம் திரும்பிக் கூவினான்.

"அம்மா! மிஸ் ரீத்தா பேசறாங்க!"

"தோ வரேன்டா" என்று தெரேஸின் குரல் கேட்டது. திருத்தவில்லை. திருத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னவள், சொன்ன சொல் மாறவில்லை. அவள் வந்து போனை வாங்குவதற்குள் அவன் ஓடிப்போய்விட்டான்.

நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன இருக்கிறது? பூசை எப்படி நடந்தது என்று கேட்டேன். நன்றாக நடந்தது, முதல் வரிசையில் நின்றேன், அம்மா பேரைக் கேட்டேன் என்றாள். ரோஸ்லின் பிள்ளைகளை இப்போது அவள் பார்ப்பதில்லையாம். எனக்கென்று ஒரு பிள்ளை இருக்கிறான், முடியாது என்று சொல்லிவிட்டாளாம்.

"சிரிச்சுக்கினே சொன்னியா?"

"சிரிப்பெல்லாம் வரலக்கா. சொல்லிட்டேன்."

"பிரியாணி பத்துச்சா?"

"பத்துச்சு. இந்த வாட்டி நாந்தான் சமையல்காரருக்கு எண்ணிச் சொன்னேன். வீட்டாளுங்களையும் சேத்து."

"வீட்டாளுங்கன்னா யாரு யாருடி?"

"இன்னாக்கா கேள்வி இது? அவரு, நானு, லூயி. மூணு பேரு."

வாசலில் முதல் கார் வந்து நின்றது. போனை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.